லிஸ்பன் பையனும் பாதக்குறடும்!

காரைக்குடியில பஸ் ஏறி தேவகோட்டை, அப்புறம் திருவாடானை, அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிச்சா ஓரியூர். மாவட்டக் கணக்குல அது ராமநாதபுரம். ஆனா நாம பேசப்போற காலத்துல சிவகங்கைச் சீமைன்னு ஒண்ணே கிடையாது. 1730 வாக்குலதான் அது தனியாப் பிரிஞ்சது. அதுக்கு முன்னால காளையார்கோவில், ஓரியூர் எல்லாமே ஒரே சேதுபதியோட சீமைதான். ஸோ, இதை நம்ம ஏரியா கதைன்னு தாராளமா உரிமை கொண்டாடலாம்.

ஓரியூர்ல ஒரு இடத்துல மணல் சிவப்பா இருக்கும். 1693 பிப்ரவரி 4-ம் தேதி அங்கே தலை வெட்டப்பட்ட ஒருத்தரோட ரத்தம்தான் அந்தச் சிவப்புன்னு பக்தர்கள் நம்புறாங்க. அவர் பேர் ஜான் தே பிரித்தோ. தமிழ்ப் பேர் அருளானந்தர். தேவகோட்டையில தே பிரித்தோ பள்ளிக்கூடத்துல படிச்சவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. மதுரைப் பக்கம் கருமாத்தூர்ல அருளானந்தர் கல்லூரி இருக்கு. ரெண்டும் ஒரே ஆள் பேர்தான்னு தெரியாமலே டிகிரி வாங்கினவங்களும் இருப்பீங்க!

அவரோட முடிவு எல்லோருக்கும் தெரியும். சர்ச்சுக்குச் சர்ச் படமா மாட்டி வெச்சிருக்காங்க. ஆனா அவரோட ஆரம்பம் எப்படி இருந்தது? கப்பல் ஏறும்போது அவருக்கு வயசு 26. உங்க காலேஜ்ல பி.ஹெச்டி. பண்ற அண்ணனோட வயசு. தெரியாத ஊர், புரியாத பாஷை, பழக்கமில்லாத சாப்பாடு. போய் இறங்கின முதல் சில வாரம் ஒரு மனுஷன் என்ன செய்வான்? புனிதர் பட்டத்தை எல்லாம் ஓரமா வெச்சுட்டு அதை மட்டும் பார்க்கலாம் வாங்க.

அம்மா வேண்டாம்னாங்க!

1647 மார்ச் 1-ம் தேதி லிஸ்பன்ல பிறந்தவர் ஜான். பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா பிரேசிலில் போர்ச்சுகல் ராஜா சார்பில் கவர்னரா இருந்து அங்கேயே இறந்தவர். பையன் வளர்ந்தது அரண்மனையில. பிற்பாடு ராஜாவான பேத்ரோதான் கூட விளையாடின தோஸ்து. இந்த மாதிரிப் பையனுக்கு என்ன எழுதியிருக்கும்? குதிரை, பட்டுச் சட்டை, அப்பா மாதிரியே ஒரு கவர்னர் பதவி!

பதினொரு வயசு வாக்குல கடுமையான காய்ச்சல். பிழைச்சா பிரான்சிஸ் சவேரியார் மாதிரி ஒரு வருஷம் சேசு சபை அங்கியைப் போட்டு விடறேன்னு அம்மா நேர்ந்துக்கிட்டாங்க. பிழைச்சான். வேளாங்கண்ணிக்கு மொட்டை போடறேன், பழநிக்குக் காவடி எடுக்கறேன்னு நம்ம வீட்டு அம்மாக்கள் வேண்டிக்கிற அதே கணக்குதான். அரண்மனைக்குள்ள கறுப்பு அங்கியோட ஒரு வருஷம் திரிஞ்சான். விளையாட்டா போட்ட அங்கி ஒட்டிக்கிச்சு. 1662-ல, பதினஞ்சு வயசுல, சேசு சபையில நிஜமாவே சேர்ந்துட்டான்.

அதுவரைக்கும் அம்மாவுக்குச் சம்மதம். மகன் இந்தியா போறேன்னு கிளம்பினதும்தான் அம்மா ஆடிப்போயிட்டாங்க. போனவன் திரும்பி வர்றது நிச்சயமில்லாத காலம். செல்வாக்குள்ள குடும்பம் இல்லையா... லிஸ்பன்ல இருந்த போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய், எப்படியாவது தடுத்து நிறுத்துங்கன்னு கேட்டுப் பார்த்தாங்க. நடக்கலை. துபாய் வேலைக்கு ஏர்போர்ட்ல நிக்கிற அண்ணனைப் பார்த்து அழுத அம்மாவை நினைச்சுக்குங்க. வாட்ஸ்அப் கால் கிடையாது. ஒரு கடிதம் போய்ப் பதில் வர ரெண்டு வருஷம்கூட ஆகலாம்.

ஆறு மாசக் கப்பல்

1673 மார்ச் மாசம் கப்பல் கிளம்பிச்சு. ஏன் மார்ச்? ஆப்பிரிக்காவைச் சுத்தி வந்து, தென்மேற்குப் பருவக்காத்தைப் பிடிச்சாத்தான் கோவா போக முடியும். காத்தைத் தவறவிட்டா அரியர் விழுந்த மாதிரி. ஆப்பிரிக்கக் கரையில எங்கேயாவது மாசக்கணக்கா உட்கார வேண்டியதுதான்.

கினி கடற்கரையைத் தாண்டும்போது கப்பல்ல காய்ச்சல் பரவிச்சு. காத்து அசையாம நிக்கிற இடம், கடும் வெயில், கெட்டுப்போன தண்ணீர். ஜானுக்குக் கிடைச்ச முதல் மிஷன் வேலை பிரசங்கம் இல்லை. நோயாளிகளைத் துடைச்சு விட்டு, வாய்ல தண்ணி ஊத்தற வேலை. அந்தக் குழுவுக்குத் தலைவரா வந்த பல்தசார் த கோஸ்தா என்ற மூத்த பாதிரியாரும் அந்தப் பயணத்திலேயே இறந்துட்டார்.

இதோட கனம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கோஸ்தா சும்மா ஒரு சீனியர் இல்லை. தமிழ்நாட்டுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்துட்டு, ஆள் திரட்டறதுக்காக ஐரோப்பா போய்த் திரும்பி வந்துக்கிட்டிருந்தவர். அந்த இளைஞர் கூட்டத்துக்குத் தமிழ்நாடுன்னா என்னன்னு நேர்ல பார்த்துச் சொல்லக்கூடிய ஆள். அவரையே கடல்ல இறக்கிட்டாங்க. மிச்சப் பேர் செப்டம்பர் மாசம் கோவாவுல போய் இறங்கினாங்க.

கோவா அப்போ பாதி லிஸ்பன். போர்ச்சுக்கீஸ் பேச்சு, போர்ச்சுக்கீஸ் ரொட்டி. நம்ம பசங்க சிங்கப்பூர் போய் லிட்டில் இந்தியாவுல ரூம் எடுக்கறாங்களே, அந்த மாதிரி. அங்கேயே செட்டில் ஆகி, நானும் மிஷனரின்னு சொல்லிக்கிட்டிருந்தா யாரும் கேட்கப் போறதில்லை. ஜான் அங்கே படிப்பை முடிச்சுட்டு 1674-ல தெற்கே கிளம்பிட்டார். கேரளாவுல அம்பழக்காடுங்கற ஊர்ல சேசு சபையோட கல்லூரி இருந்தது. அங்கேருந்து ஆந்த்ரே ஃப்ரெய்ரே என்ற பாதிரியாரோட மேற்குத் தொடர்ச்சி மலையை நடந்தே தாண்டி, அந்த வருஷம் ஜூலைக் கடைசியில தமிழ் பேசற ஊருக்குள்ள வந்து சேர்ந்தார்.

அம்பழக்காட்டைப் பத்தி ஒரு சின்னத் தகவல் சொல்லியே ஆகணும். அந்தாவோ தெ ப்ரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்ச்சுக்கீஸ் அகராதி அச்சானது அங்கேதான். எப்போ? 1679-ல. அதாவது, ஜான் அந்த வழியா நடந்து போனதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு! தொகுத்தவர் 1666-லேயே இறந்துட்டார். அந்தப் புத்தகத்தோட ஒரு பிரதி வாடிகன் நூலகத்துல இருக்கு. நம்ம ஆளுக்கு அச்சடிச்ச அகராதி இல்லை. காதும் வாயும்தான்.

முதல் வாரம்: சட்டையைக் கழட்டு!

வந்ததும் முதல் வேலை, கறுப்பு அங்கியைக் கழட்டறது. காவித் துணி, தலைப்பாகை, கையில் கோல், காலுக்குப் பாதக்குறடு. கட்டைவிரல் இடுக்குல ஒரு குமிழைக் கவ்விக்கிட்டு நடக்கணுமே, அந்த மரச் செருப்பு! ஒரு நாள் போட்டுப் பாருங்க. ஹாஸ்டல் வராண்டாவுல நாலு எட்டு நடந்தாலே விரல் விண்ணுன்னு தெறிக்கும். இவர் ஜில்லா ஜில்லாவா நடந்தவர்.

அடுத்தது சாப்பாடு. கறி, மீன், முட்டை, ஒயின் எதுவும் கூடாது. பூசைக்குத் தேவையான சொட்டு ஒயின் தவிர. சோறு, காய்கறி, கீரை, பால். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு வேளை. மெஸ்ல சாம்பார் தண்ணியா இருக்குன்னு ஸ்ட்ரைக் பண்றவங்க கவனிக்க! படுக்கை, தரை. சாய்ஞ்சுக்க நாற்காலி கிடையாது. சம்மணம் போட்டு உட்காரவே தெரியாத முட்டிகளுக்கு அதுவே ஒரு பாடம்.

அப்புறம் தமிழ். வந்த உடனே அவரை யாரும் மேடை ஏத்தலை. முதல்ல ஒரு மாசம் தியானம், கூடவே பாஷை. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாத ஆளா, நாலு வயசுப் பிள்ளை பேசறதைக்கூடத் திருப்பிக் கேட்கற ஆளா இருக்கணும். லத்தீன்ல விவாதம் பண்ணத் தெரிஞ்ச இருபத்தேழு வயசுக்காரருக்கு 'தண்ணி வேணும்'னு கேட்கத் தடுமாற்றம். வெளியூர் காலேஜ்ல சேர்ந்த கிராமத்துப் பையன் முதல் செமஸ்டர்ல வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பானே... அதேதான். தெரியாதவன்னு ஆகிப்போற அவமானம்.

இவ்வளவும் எதுக்கு? அதுக்கு முன்னால நடந்த ஒரு தோல்வியைத் தெரிஞ்சுக்கணும். கொன்சாலோ பெர்னாண்டஸ்னு ஒரு போர்ச்சுக்கீஸ் பாதிரியார் மதுரையில 1595-லேருந்து இருந்தார். நல்ல மனுஷர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் நடத்தினார். பதினோரு வருஷம் ஆச்சு, உள்ளூர்க்காரர் ஒருத்தர்கூட அவர் மதத்துல சேரலை. காரணம் சிம்பிள். மாட்டுக்கறி சாப்பிடறவன், குடிக்கறவன், குளிக்காதவன், பரங்கி! அந்த மதத்துல சேர்றதுன்னா பரங்கிக் குலத்துல சேர்றதுன்னு அர்த்தம். 1606-ல மதுரைக்கு வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நொபிலிக்கு அப்போ வயசு 29. இந்தக் கணக்கைப் பார்த்துட்டு, நான் பரங்கி இல்லைன்னு சொல்லி, காவி கட்டி, பிராமண சந்நியாசி மாதிரி வாழ ஆரம்பிச்சார். தமிழும் சம்ஸ்கிருதமும் கத்துக்கிட்டார். அதே பாதையில, பிராமணர் அல்லாத மக்களுக்காக வந்த ரெண்டாவது மாடல்தான் பண்டாரசாமி. 1640-ல முதல் பண்டாரசாமி ஆனவர் யார் தெரியுமா? கப்பல்ல இறந்துபோனாரே, அந்த கோஸ்தா! ஜான் போட்டுக்கிட்டது அவர் வழியா வந்த சட்டையை.

சீன் போட்டாரா?

இங்கே ஒரு பிரேக் போடணும். காவி கட்டினது மரியாதையா, மாறுவேஷமா? அந்தக் காலத்துலேயே இதைக் கேட்டாங்க. வெளியில இல்லை, சபைக்குள்ளேயே. ரோம் வரைக்கும் பஞ்சாயத்து போச்சு. போப்பின் தூதரா வந்த தூர்நோன் 1704-ல புதுச்சேரியிலிருந்து இந்தப் பழக்கங்கள் பலவற்றுக்குத் தடை போட்டார். இழுத்துக்கிட்டே போய், 1744-ல பதினாலாம் பெனடிக்ட் போப்தான் அதை ஒரு முடிவுக்குக் கொண்டு வந்தார்.

நம்ம கேள்வி வேற. ஊரோட உடையையும் சோத்தையும் ஏத்துக்கிட்டவங்க, ஊரோட சாதியையும் சேர்த்துத்தான் ஏத்துக்கிட்டாங்க. சாமியார்களையே பிராமண சந்நியாசி, பண்டாரசாமின்னு ரெண்டாப் பிரிச்சாங்களே, அதுவே அத்தாட்சி. சந்நியாசி வேஷத்துல இருந்தவர் சேரிக்குப் போனா மத்தவங்க அவரை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. பண்டாரசாமி எல்லார் கிட்டேயும் போகலாம்னு வெச்சாங்க. ஆனா கோயில்ல உட்கார்ற இடத்துல கோடு அப்படியே இருந்தது. தமிழ்நாட்டுச் சர்ச்சுகள்ல சாதிக்கு ஒரு கல்லறைங்கற பிரச்னையை இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிட்டிருக்கோம். அதோட வேர் எங்கே போய் முடியுதுன்னு தேடினா, இந்த வழியாவும் போகணும்.

போற ஊர்ல எதைக் கத்துக்கறது, எதுக்கு முடியாதுன்னு சொல்றது? சாம்பாரையும் பாதக்குறடையும் பழகிக்கிட்டவங்க இதுல தேறலைங்கறது என் கருத்து. அதுக்காக கோவாவிலேயே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டவங்களை உசத்தியாச் சொல்லவும் முடியலை.

கடல் தாண்டிப் போறது செட்டிநாட்டுக்குப் புதுசும் இல்லை. இந்த ஊர் வீடுகளோட பர்மா தேக்குத் தூண்களைக் கேட்டுப் பாருங்க. மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே பெட்டியடிப் பையனா கப்பல் ஏறி, ரங்கூன்லயும் பினாங்குலயும் கிட்டங்கியில தரையில படுத்து, பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து கணக்கு எழுதி, மூணு வருஷக் கணக்கு முடிச்சு ஊருக்கு வந்து, மறுபடியும் போனவங்க எத்தனை பேர்! பர்மியப் பேச்சும் மலாய்ப் பேச்சும் தெரியாம அங்கே லேவாதேவி பண்ண முடியாது. கத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு வித்தியாசம். அவங்க கூடவே சமையல்காரரையும் முருகனையும் கொண்டு போனாங்க. சோறும் சாமியும் மாறலை, பேச்சு மட்டும் மாறுச்சு. ஜான் விஷயத்துல சாமி மட்டும் மாறலை, பாக்கி எல்லாம் மாறுச்சு.

தரங்கம்பாடியில ஒரு பர்த்டே

ஜானோட முதல் வாரங்களைப் பத்திச் சொல்லும்போது இன்னொருத்தரை விட்டுட முடியாது. ஓரியூர் நடந்து பதிமூணு வருஷம் கழிச்சு, 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில ரெண்டு ஜெர்மன் இளைஞர்கள் வந்து இறங்கினாங்க. டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக் அனுப்பின புராட்டஸ்டன்ட் மிஷனரிகள். ஒருத்தர் ப்ளூட்ஷோ. இன்னொருத்தர் சீகன்பால்க். மறுநாள் சீகன்பால்குக்குப் பிறந்தநாள். 24 வயசு முடிஞ்சது!

வரவேற்பு எப்படித் தெரியுமா? தரங்கம்பாடி அப்போ டேனிஷ் கம்பெனி கையில. கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கு இந்த ரெண்டு பேரையும் பார்த்ததுமே எரிச்சல். வியாபாரம் பண்ற இடத்துல இவங்க எதுக்குன்னு நினைச்சார். பேருக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு, திடல்ல அப்படியே நிக்க விட்டுட்டுப் போயிட்டார். ஏழு மாசக் கப்பல் பயணம் முடிச்சு வந்தவங்க, ராத்திரி எங்கே படுக்கறதுன்னே தெரியாம நின்னாங்க.

அதுக்கப்புறம் சீகன்பால்க் பண்ணினதுதான் செம மேட்டர். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருத்தரைப் பிடிச்சு, பள்ளிக்கூடத்தையே தங்களோட வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னார். சின்னப் பசங்க மணலைப் பரப்பி விரலால 'அ... ஆ...' எழுதறாங்க. அவங்க பக்கத்துல, அதே மாதிரி சம்மணம் போட்டு, விரலால மணல்ல எழுதிக்கிட்டு ஒரு வெள்ளைக்கார பாதிரியார்! பசங்க எவ்வளவு சிரிச்சிருப்பாங்கன்னு நீங்களே நினைச்சுக்குங்க. அப்புறம் பல பாஷை தெரிஞ்ச ஓர் உள்ளூர்க்காரரைத் துணைக்கு வெச்சுக்கிட்டார். அவர் பேர் அழகப்பன். காரைக்குடிக்காரங்களுக்குப் பேரே பிடிச்சிருக்குமே!

ரெண்டே வருஷத்துல, 1708-ல, தான் சேர்த்து வெச்ச நூத்துக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டுட்டார். அதுல திருக்குறளும் உண்டு. அதே வருஷம் ஹாசியஸ் அவரைப் பிடிச்சு நாலு மாசம் ஜெயில்ல போட்டார். அதாவது, அவரை உள்ளே தள்ளினது உள்ளூர் ராஜா இல்லை, தன்னோட மதத்துக்காரரே! 1715-க்குள்ள தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சார். 1719-ல, 36 வயசுல, தரங்கம்பாடியிலேயே கண்ணை மூடினார்.

நடுவுல இன்னொண்ணு. தமிழ்நாட்டு சாமிகளைப் பத்தி, இங்கே இருந்தவங்ககிட்டயே கேட்டுக் கேட்டு 1713-ல ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உங்களை அனுப்பினது அஞ்ஞானத்தை ஒழிக்கறதுக்கு, அதை ஐரோப்பாவுல பரப்பறதுக்கு இல்லைங்கற தோரணையில பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி அலமாரியில தூங்கிச்சு. சென்னையில அது அச்சானது 1867-ல. நூத்தைம்பது வருஷ லேட்! கத்துக்கொடுக்கப் போன பையன் கத்துக்கிட்டு வர்றதை, அனுப்பினவங்களால தாங்கிக்க முடியலை.

நீங்க போறீங்களா?

இப்போ உங்க கதைக்கு வருவோம். சர்ச் யூத் குரூப்ல ரெண்டு வார மிஷன் ட்ரிப், நர்சிங் படிச்சவங்க வெளிநாட்டு மெடிக்கல் கேம்ப், லீவுல வாலன்டியர் வேலைன்னு கிளம்பறவங்க நம்ம மாவட்டத்துலயும் இருக்காங்க. கிறிஸ்தவர்னு இல்லை, என்.எஸ்.எஸ். ஏழு நாள் கேம்ப் போறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். முதல் நாளே பெயின்ட் டப்பாவைத் திறந்து, ரெண்டாவது நாள் அந்த ஊர்க் குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு போட்டோ, மூணாவது நாள் விழிப்பு உணர்வு நாடகம். அந்த ஊர் ஆயா நம்மகிட்ட என்ன சொல்ல வந்துச்சுன்னு கேட்க டைம் டேபிள்ல இடமே இல்லை.

ஜானுக்கும் சீகன்பால்குக்கும் முதல் வாரங்கள்ல யாருக்கும் பிரயோஜனம் கிடையாது. ஊருக்குப் பாரம். சோறு போடணும், பேச்சு சொல்லித் தரணும், வழி காட்டணும். ரெண்டு பேருமே அந்தப் பிரயோஜனம் இல்லாத நிலைமையை மறைக்கப் பார்க்கலை. ரெண்டு வாரத்துல திரும்பி வர்றவங்களுக்கு அதுக்கு நேரம் இல்லைங்கறது நியாயம்தான். அப்போ வேலைத் திட்டத்தைச் சின்னதாக்கிக்கலாமே? ஒரு சுவரைக் கம்மியா பெயின்ட் அடிச்சா ஊர் ஒண்ணும் இடிஞ்சுடாது.

கையோட ஒரு சட்ட விஷயம். டூரிஸ்ட் விசாவுல போய் மதப் பணி பண்றது பல நாடுகள்ல விசா விதிமீறல். இந்தியாவே மிஷனரிகளுக்குன்னு தனி விசா வகை வெச்சிருக்கு. கூட்டிக்கிட்டுப் போறவங்க 'அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி'ன்னு சொன்னா, தம்பி உஷார்! பாஸ்போர்ட்ல சீல் விழப்போறது உங்க பேருக்கு.

ட்ரிப் எவ்வளவு நீளும்னு சொல்ல முடியாதுங்கறதுக்கும் நம்ம பக்கத்துலயே ஆள் இருக்கார். தேவகோட்டைக்குப் பக்கத்துல சருகணி தெரியுமில்லையா? அங்கே கடைசிக் காலத்தைக் கழிச்ச லூயி லெவே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1908-ல இந்தியா வந்தவர். 1973-ல சருகணியிலேயே அடக்கமானார். அறுபத்தஞ்சு வருஷம்!

லிஸ்பன் கட்டிலும் கரித்துண்டும்

ஜான் விஷயத்துக்கு வர்றேன். 1686-ல, பல வருஷமா மிஷனரிகள் போகாம இருந்த மறவர் சீமைக்குள்ள அவர் நுழைஞ்சார். ஜூலை மாசம் மங்கலம் பக்கத்துல அவரையும் கூட இருந்த உபதேசியார்களையும் பிடிச்சு, காளையார்கோவிலுக்கு இழுத்துக்கிட்டுப் போய் சித்ரவதை பண்ணினாங்க. கடைசியில கிழவன் சேதுபதி நேர்ல விசாரிச்சு, இனிமே என் சீமையில பிரசங்கம் கூடாதுன்னு சொல்லி விட்டுட்டார். விட்டது ஆச்சரியம்தான்.

அதுக்கப்புறம் மிஷன் வேலையா அவரை லிஸ்பனுக்கு அனுப்பினாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே ஊர். பழைய விளையாட்டுத் தோஸ்து இப்போ ராஜா. அரண்மனை விருந்து, மெத்தை, எல்லாம் தயார். இவரோ கறியைத் தொடலை. காய்கறி, கீரைதான். கட்டிலை விட்டுட்டுத் தரையில படுத்தார். இங்கே யாருக்கு வேஷம் போடணும்? எந்தப் பண்டாரமும் பார்த்துக்கிட்டில்லை. 'சீன் போட்டாரா'ன்னு மேலே கேட்டோமே, அந்தக் கேள்விக்கு என்னைப் பொறுத்தவரை லிஸ்பன் தரைதான் பதில். இங்கேயே இருன்னு ராஜா சொல்லியும் கேட்காம, 1690-ல மறுபடியும் இந்தியாவுக்கு வந்துட்டார்.

வந்து, போகக் கூடாதுன்னு சொன்ன அதே சீமைக்குள்ள போனார். அங்கே தடியத்தேவர்ங்கற மறவர் தலைவர், தீராத நோய் தீர்ந்ததும் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோட மட்டும்தான் வாழணும்னு ஜான் நிபந்தனை போட்டார். தேவர் சரின்னுட்டார். 1693 ஜனவரி 6 ஞானஸ்நானம். ஒதுக்கப்பட்ட மனைவிகள்ல இளையவர் கடலாயி. சேதுபதிக்குச் சொந்தக்காரப் பெண். அவர் நேரா அரண்மனைக்குப் போய் முறையிட்டார். ரெண்டே நாள்ல, ஜனவரி 8-ம் தேதி, ஜான் கைது.

பல புத்தகங்கள்ல கடலாயிதான் வில்லி. எனக்கு அப்படிப் படலை. ஒரு நாள் காலையில கட்டின புருஷன் வந்து, புது மதத்துல சேர்ந்துட்டேன், இனிமே நீ தங்கைச்சின்னு சொன்னா, அந்தப் பொண்ணு எங்கே போவா? இந்த ஊர்ச் சோறு, துணி, பேச்சு, நடை எல்லாம் இருபது வருஷமாப் பழகினவருக்கு, இந்த ஒரு பெண்ணோட நிலைமைக்கு வழி சொல்லத் தெரியலை. அவர் பக்கத்துல கொள்கை இருந்தது. அவ பக்கத்துல வாழ்க்கை இருந்தது.

ராமநாதபுரத்துலேருந்து ஓரியூருக்கு, சேதுபதியோட தம்பி உடையத்தேவர்கிட்ட அனுப்பினாங்க. பிப்ரவரி 3-ம் தேதி காவல்ல இருந்தபடியே ஜான் தன் சபைக்காரங்களுக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை. கரித்துண்டைப் பொடிச்சுத் தண்ணியில குழைச்சு, துரும்பால தொட்டுத் தொட்டு எழுதினார். மறுநாள் புதன்கிழமை.